கதவுக்கு வெளியே கேட்ட சொல்

அம்மா, என் அம்மா,

உனக்குப் பேத்தி பிறந்துவிட்டாள். உன் மூக்கு வரவில்லை, தப்பித்தாள்.

நீ இருந்திருந்தால் பிரசவத்துக்குப் பாகலூர் வந்திருப்பேன். நீ போய்விட்டாய். அதனால் ஓசூரிலேயே, மாமியார் காவலில். மதுரைப் பக்கத்திலிருந்து பை நிறைய லேகியமும் வாய் நிறைய அறிவுரையுமாக வந்து இறங்கினார்.

ஆபரேஷன் யாருடைய திட்டத்திலும் இல்லை. வலி வந்தது. முக்கினேன், கத்தினேன். முக்கும்போதெல்லாம் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. அதன் கழுத்தில் தொப்புள்கொடி. நர்ஸ் கன்னடக்காரர். என் தோளைப் பிடித்து, "சாக்கும்மா, சாக்கு" என்றார். போதும், முக்காதே என்கிறார். உனக்குச் சொல்ல வேண்டுமா? பால்காரம்மாவிடம் தினமும் நீ சொன்ன வார்த்தைதானே. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

கதவுக்கு வெளியே நின்ற அத்தைக்குக் கன்னடம் தெரியாது. அவர் காதில் விழுந்தது தமிழ்ச் சாக்கு.

பார்க்க வருகிறவர்கள் யாரும் குழந்தையின் பெயரைக் கேட்பதில்லை. "நார்மலா, ஆபரேஷனா?" அத்தை முந்திக்கொள்கிறார். "எங்க நார்மலு? எம்.ஏ. படிச்சவளுக்கு முக்கத் தெரியல. நர்சம்மாவே சொல்லிட்டா, எல்லாம் சாக்குன்னு." வந்தவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கென்று வாங்கிவந்த ஆப்பிளை அவர்களே நறுக்கித் தின்கிறார்கள்.

நேற்று வாயைத் திறந்தேன். "அத்தை, அது கன்னடம். போதும்னு அர்த்தம்."

"பாத்தீகளா, இதுக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கா."

அறையே சிரித்தது. உன் மாப்பிள்ளையும். கம்பெனி கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் தினமும் "சாக்கு, சாக்கு" என்று கை காட்டுகிறவர்தான். அர்த்தம் தெரிந்தே சிரித்தார். மெஷினில் மயிரிழை பிசகினால் பாகத்தைத் தூக்கி எறிகிற மனிதர்; வீட்டுக்குள் எதையும் அளப்பதில்லை. தனியே கேட்டேன். "பெரியவங்க, விடேன்." அவ்வளவுதான். அத்தைக்காவது மொழி தெரியாது.

உன்னையும் ஒன்று கேட்க வேண்டும். என்னைப் பெற்றபோது ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறாய். நானும் பூரித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய்? கத்தினேன் என்று தெரிந்தால் முகம் சுளித்திருப்பாயா?

வேண்டாம். பதில் சொல்லாதே.

இனி இந்த வீட்டில் யாருக்கும் விளக்கம் கிடையாது. உன் பேத்தி பிறந்த கதையை அவளிடம் மட்டும் சொல்வேன், மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கத்தினேன் என்பேன். முக்காதே என்றதும் முக்குவதை நிறுத்தினேன். அதுதான் இருந்ததிலேயே கஷ்டம். அதனால்தான் நீ இருக்கிறாய், மகளே என்பேன்.

உன் மகள்,
உன் பேத்தியைப் பெற்றவள்