வலப்பக்கத்து லீவர்

இன்று பரணை ஒழித்தபோது நம் காகித விமானி அறை கிடைத்தது. திண்டிவனத்தில் என் மாடியறைச் சுவரில் ஒட்டியிருந்தோமே, மீட்டர்களும் லீவர்களும் அச்சிட்ட அந்தப் பெரிய தாள்தான். வலது எஞ்சினுக்கு எரிபொருளை நிறுத்தும் லீவர் மேல் உன் விரல் கறை இன்னும் இருக்கிறது. உன் ஊர் கெடாரிலிருந்து நீ கொண்டுவந்த, வேர்க்கடலையை வெல்லத்தில் பிடித்த மல்லாட்டை உருண்டையின் பிசுக்கு. இடப்பக்கத்து லீவர் பளிச்சென்று இருக்கிறது. அதில் உன் விரல் பட்டதே இல்லை.

பம்பாயில் சிமுலேட்டர் தேர்வை உனக்கு ஒரு வாரம் முந்தியே முடித்துவிட்டு நான் லீவில் வந்திருந்தேன். தேர்வை முடித்தவன் அடுத்தவனுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவது நம் பயிற்சிக் கூட்டத்தின் வழக்கம். நீ விழுப்புரத்தில் பஸ் மாறி ஓடிவந்தாய்.

"பயிற்சியாளரு என்ன கோளாறுடா குடுத்தாரு? ஜல்தி சொல்லு, பேஜாரா இருக்குது."

"மேல எழும்பனதுமே வலது எஞ்சின் நின்னுடும். எல்லாருக்கும் அதேதான்."

எதிர்பாராத ஆபத்துக்குப் பழக்கும் கருவி அது. அதில் எதிர்பாராதது எதுவும் இல்லாமல் செய்துவிட்டேன். மடக்கு நாற்காலியில் நீ உட்கார, நான் "போச்சு!" என்று கத்துவேன். நின்ற எஞ்சினுக்கு எரிபொருளை அடைக்க உன் கை வலப்பக்கம் பாயும். எந்த எஞ்சின் என்று முதலில் மீட்டரைப் பார் என ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. நீ பாஸானாய். உன் வேகத்தைப் பயிற்சியாளர் பாராட்டினாராம். எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கேட்டவர் வேறென்ன கண்டார்!

அடுத்த மழைக்காலத்தில், நிஜமான ஓடுபாதையிலிருந்து எழும்பியதும் நின்றது இடது எஞ்சின். உன் கை வலப்பக்கம் போனது. ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிட்டாய். நல்லவேளை, பயணிகள் இல்லை என்றார்கள். நீ இருந்தாயே! விழுந்த விமானத்திலிருந்து கேப்டன் மட்டும் பிழைத்துக்கொண்டார். துணை விமானியான உன் தவறு என்று விசாரணை அறிக்கை முடித்துவிட்டது.

கெடாரில் உங்கள் மல்லாட்டைக் கொல்லையில் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள கவனிக்காம பண்ணிட்டான்னு பேப்பர்ல எழுதிக்கினு இருக்கறாங்களே தம்பி. நீ கூடவே படிச்சவன். நெசமா?"

"தெரியலைங்க" என்றேன்.

பின்னாளில் நானும் சிமுலேட்டர் பயிற்சியாளன் ஆனேன். ஒருவனுக்குக் கொடுத்ததை அடுத்தவனுக்குக் கொடுத்ததில்லை. கடுமையான ஆள் என்று திட்டினார்கள். திட்டட்டும். அதனால் என் பாவம் ஒன்றும் குறையவில்லை. அந்த ஒரு "தெரியலைங்க"வை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதைக் கேட்டுத் தலையாட்டியவர், பிழை முழுவதும் தன் பிள்ளையுடையது என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்.