துவாய் கேட்கிறாள் என்று நினைத்தேன்

3.3.75, திங்கள்

இன்றைக்கும் கிரிஜா சோற்றுக் கோப்பையைக் கண்டதும் "சீ" என்றாள். பருப்பு வேணுமோ என்றாலும் சீ. அம்மாட்ட வாறியோ என்றாலும் சீ. இரண்டு வயது முடியவில்லை, அதற்குள் இந்த வாய்! கையில் ஒன்று போட்டேன்.

இவர் வேலையால் வந்து சிரிக்கிறார். "அது ஸ்பானிஷ். பிள்ளை ஓம் எண்டு சொல்லுது. எங்கட வேலையிடத்திலையும் பாதிப்பேர் உந்தச் சீதான்."

ஓம், வேணும் என்றதற்கா அடித்தேன்?

எல்லாம் எதிர் ஃபிளாட் நிடியாவால் வந்தது. சிலி நாட்டுக்காரி. பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுத்தான் நான் டைப்படிக்கப் போகிறேன். அவளுக்கு இங்கிலீஷ் இல்லை, எனக்கு ஸ்பானிஷ் இல்லை. சைகையிலேயே காலம் ஓடுகிறது. நான் திரும்பி வந்து நாலு வாய் ஊட்டுவதற்குள் கிரிஜா தூங்கிவிடுகிறாள். தமிழ் எப்போது கேட்பாள்?

12.3.75

பிள்ளையின் பையில் இங்கிலீஷில் பெயர் எழுதினேன். நிடியா அதைத் தன் பாஷை உச்சரிப்பில் "ஹிரிஹா" என்று படிக்கிறாள். அதற்குப் பிள்ளை ஓடுகிறது. நான் கிரிஜா என்றால் திரும்பியும் பார்ப்பதில்லை.

13.4.75, ஞாயிறு

விடிந்ததிலிருந்து அழுகை. "துவேலே, துவேலே" என்று கத்தினாள். முகம் துடைக்கத் துவாய் கேட்கிறாள் என்று நினைத்து நீலத் துவாயைக் கொடுத்தேன். எறிந்தாள். வெள்ளைத் துவாயைக் கொடுத்தேன். நனைத்துக் கொடுத்தேன். இன்னும் கூடக் கத்தினாள். கடைசியில் நானும் கத்தினேன் - என்னடி வேணும் உனக்கு, சொல்லித் துலையன்!

சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மத்தியானம் நிடியா சேர்ச்சிலிருந்து வந்தாள். கதவடியில் நின்று ஒரு தடவை கேட்டவுடனேயே பிள்ளையின் காதைத் தொட்டாள். பிறகு தன் கன்னத்தைப் பொத்தி, முகத்தைச் சுளித்து, "துவேலே" என்று எனக்குக் காட்டினாள். நோகுது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் காதுக்குள் சீழ் என்றார்கள்.

பெத்தது நான். எனக்கு விளங்கேல்லை, எதிர்வீட்டுக்காரிக்கு விளங்குது. பிள்ளை அவளின் தோளில் சாய்ந்ததும் அழுகையை நிறுத்தியபோது, பறித்தெடுக்கவேண்டும்போல் இருந்தது. நன்றி சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது.

14.4.75

பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் தேடுவோம் என்றேன். "ஆரை? இஞ்சை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றார் இவர். உண்மைதான். பிள்ளை தமிழுக்கு வரும்வரை நான்தான் பிள்ளையிடம் போகவேண்டும். வேறு வழி இல்லை.

6.5.75

நிடியா சமைக்கச் சமைக்க அவளின் குசினியில் எனக்கு ஸ்பானிஷ் பாடம். முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. மேசை, காலில் போடும் சப்பாத்து, தின்னும் பாண் எல்லாம் அவளிடமும் ஏறக்குறைய அதேதான். போர்த்துக்கேயன் எங்களிடம் விட்டுவிட்டுப் போன மிச்சம், அவன் பாஷையும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி என்று இவர் விளக்கம் தருகிறார்.

வினைச்சொல் வந்ததும் மண்டை காய்ந்துவிட்டது. 'இருக்கிறேன்' என்பதற்கு இரண்டு சொல்லாம். எதை எங்கே சொல்வது என்று கேட்பதற்கும் அதே மொழிதான் வேண்டும்! இன்று களைத்துப்போனேன் என்று சொல்லப்போய், ஒரு எழுத்தை விழுங்கி, கலியாணம் கட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நிடியா சிரித்துக் கதிரையிலிருந்து விழாத குறை. களைப்பும் கலியாணமும் ஒன்றுதானாம்.

11.6.75

ஒன்றும் ஏறவில்லை. நான் ஸ்பானிஷ் பேசினால் கிரிஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

22.8.75, வெள்ளி

கிரிஜா சட்டிக்குள் எட்டிப் பார்த்து "கார்னே" கேட்டாள். கார்னே என்றால் இறைச்சி. மீன், இறைச்சி என்று மச்சமே புழங்காத வீட்டில்!

நேரே போய் நிடியாவின் கதவைத் தட்டினேன். என்ன கொடுத்தாய்? ஏன் கொடுத்தாய்? வேண்டாம் என்று முதல் நாளே கையைக் காட்டிச் சொன்னேனே? அவள் என் பிள்ளை, உன் பிள்ளையில்லை! நிடியாவும் விடவில்லை. பசியோடு இருந்தாள், நீ கொடுத்தனுப்பும் சோற்றைத் தொடவில்லை, என்ன செய்யச் சொல்கிறாய் என்றாள். மேல்மாடி வெள்ளைக்காரி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

நிடியா திடீரென்று நிறுத்தினாள். "இவ்வளவையும் நீ ஸ்பானிஷில் சொன்னாய், தெரியுமா?"

தெரியாது. வாய் தானாக ஓடியிருக்கிறது. அதற்காகக் கோபம் போய்விடுமா? இனி இறைச்சி இல்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

9.11.75

குளிக்க வார்க்கும்போது கிரிஜா தன் கனவைச் சொன்னாள். ஒரு நாய் பஸ்ஸில் ஏறியதாம், டிக்கெட் எடுக்கவில்லையாம். முழுக்க விளங்கியது. பிறகென்ன ஆனது என்று கேட்டேன், சொன்னாள். எல்லாம் ஸ்பானிஷில்.

"தாயும் மகளும் சிலிக்குப் போகப்போறியளோ?" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா என்று கூப்பிடுவதோடு அவளின் தமிழ் முடிந்துவிடுகிறது.

24.1.76, சனி

நிடியாவின் புருஷனுக்கு அடிலெய்டில் வேலை. இன்று போய்விட்டார்கள். காரில் ஏறமுன், "பிள்ளையோடு ஸ்பானிஷில் பேசு. இனி நீ பேசாவிட்டால் யார் பேசுவார்கள்?" என்றாள். தலையாட்டினேன். திங்கட்கிழமையிலிருந்து கிரிஜா, ஹோம்புஷுக்கு எங்கள் ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் யோகராணி அன்ரி வீட்டில். அங்கே முழுக்க முழுக்கத் தமிழ். அப்பாடா என்றிருக்கிறது.

26.1.76

வீட்டுக்கு வந்ததும் கிரிஜா எதிர்க் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். நிடியா போய்விட்டாள் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஸ்பானிஷில் சொன்னதும் என் மடியில் விழுந்து அழுதாள்.

8.3.76

இன்று தண்ணி கேட்டாள். தமிழில். நானும் தமிழிலேயே கொடுத்தேன். இனி இப்படியே போகட்டும்.

16.4.77, சனி

ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் கைக்குழந்தையோடு ஒரு பெண் திண்டாடிக்கொண்டிருந்தாள். கப்ரமாட்டா ரயில் எது என்று கேட்டு, ஒருவருக்கும் விளங்காமல், தனக்குத்தானே ஸ்பானிஷில் திட்டிக்கொண்டாள். போய்ச் சொன்னேன். பிள்ளைக்குச் சளியா, வந்து எவ்வளவு காலம், புருஷனுக்கு வேலை கிடைத்ததா என்று பேச்சு நீண்டு, எங்கள் ரயிலை விட்டுவிட்டேன். ஒரு சொல்லும் தடக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அவள் போனதும் கிரிஜா என் சேலையை இழுத்தாள். "அம்மா, அந்த அன்ரி என்ன பாஷை கதைக்கிறா? உங்களுக்கு எப்பிடி விளங்குது?"

நல்ல தமிழ். இதற்குத்தான் இவ்வளவு பாடும் பட்டேன். பிறகு ஏன் எனக்கு அழுகை வந்தது?

"அது நீ கதைச்ச பாஷைதானம்மா," என்றேன்.

"பொய் சொல்லுறீங்கள்," என்று சிரித்தாள்.