வெள்ளச்சி உனக்கென்று வைத்திருக்கும் குரைப்பு

புதன்கிழமை இரவு

அன்புள்ள கலையண்ணனுக்கு,

தங்கை ஜெயப்பிரியா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, இரண்டு மாடு, இரண்டு நாய் எல்லாரும் சுகம். நான் மட்டும் பயத்தில் இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. விதை மூட்டை வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். யாராவது எட்டிப் பார்த்தால் அறிவியல் பாடம் என்று சொல்வதற்காகப் பக்கத்தில் ஒரு பூவின் படத்தைப் பாதி வரைந்து வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரமாக அந்தப் பூவுக்கு ஒரே ஒரு இதழ்தான்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் கால்வாய்க் கரை வரப்பில் நீ கால் வைக்கக் கூடாது. காரணம் கீழே இருக்கிறது. மற்றதைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்.

நீ ராத்திரியில் வருவது எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. வெள்ளச்சிதான் சொன்னாள்.

நீ போன பிறகு நாய்கள் எதற்கு எப்படிக் குரைக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பாம்பைக் கண்டால் வெள்ளச்சி மூச்சு விடாமல் கீச்சுக் குரலில் கத்துவாள், முன்னும் பின்னும் குதிப்பாள். வேற்று ஆள் வந்தால் ஒரு குரைப்பு, ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று. மயிலுக்கு ஒரே ஒரு சோம்பல் குரைப்பு, அதையும் படுத்தபடியே. பன்றி என்றால் சத்தம் தொண்டைக்கு அடியிலிருந்து வரும், நின்ற இடத்தை விட்டு நகரமாட்டாள். கரண்ட் பில் ரீடிங் எடுக்க வருகிறவருக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை எழுத்தில் எழுத முடியாது, அது கெட்ட வார்த்தை.

டைசனைப் பற்றி எழுத நோட்டில் ஒரு பக்கம் விட்டிருந்தேன். அது காலியாகவே இருக்கிறது. வெள்ளச்சி குரைத்தால் இவனும் குரைப்பான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. போன வாரம் அம்மா முறத்தால் புடைக்கிற சத்தத்துக்குப் பயந்து மாட்டுக்கு அடியில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து வீரமாகக் குரைத்தான். "இவனுக்குப் போய் டைசன்னு பேர் வச்சான் பாரு உங்க அண்ணன்" என்று அம்மா சிரித்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது என்று உடனே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா கேட்காத மாதிரி வைக்கோலை உதறினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கண்டால் வெள்ளச்சி இரண்டு தரம் குரைத்து, மூன்றாவதைக் குரைக்காமல் குழந்தை அழுகிற மாதிரி இழுப்பாள். உலகத்தில் வேறு யாருக்கும் அவள் அப்படிச் செய்வதில்லை. தை மாதக் கடைசியில் ஒரு ராத்திரி அவள் பன்றிக்குக் குரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பப் போனேன். அதற்குள் பன்றிக் குரைப்பு நின்று அந்த இழுவை வந்தது. பிறகு அமைதி. காலையில் கடலைக் கொல்லையில் போய்ப் பார்த்தேன். பன்றியின் குளம்புத் தடம் வரப்பு வரைக்கும் வந்து அப்படியே திரும்பியிருந்தது. வரப்பில் டீக்கடைப் பொறை பிஸ்கட் ஒன்று பாதி கிடந்தது. நம் வீட்டில் உன்னைத் தவிர யார் வெள்ளச்சிக்குப் பொறை வாங்கிப் போடுகிறார்கள்? அதை எடுத்து டைசனுக்குப் போட்டுத் தடயத்தை அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு வாரமாக அதே கதை. சிங்கப்பெருமாள் கோயில் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து பன்றி விரட்டுகிறாய். அப்பா உன்னைத் திட்டியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. புரட்டாசியில் நீ காவலுக்குப் படுத்திருந்த அன்று, வெள்ளச்சி பன்றி என்று சொன்னதை நீ மயில் என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய். விடிந்து பார்த்தால் அரை ஏக்கர் கடலை இல்லை. "நாய்கூடத் தின்ன சோத்துக்கு நாயமா கீது, நீ இன்னாத்துக்குடா கீற?" என்று அப்பா நாலு பேர் முன்னால் கேட்டதும், "அப்ப நாயையே புள்ளையா வச்சிக்கோ நைனா" என்று நீ வண்டியை எடுத்ததும் நேற்று மாதிரி இருக்கிறது.

இப்போது அப்பாவுக்கும் பன்றி வருவது தெரிந்துவிட்டது. போன திங்கட்கிழமை நீ வரவில்லை. ஷிஃப்ட் மாறியிருக்கும். தெற்கு மூலையில் இரண்டு பாத்தியைக் கிளறிவிட்டன. அப்பா மதுராந்தகத்துக்குப் போய்க் கம்பிச் சுருள் வாங்கி வந்தார். கால்வாய்க் கரை வரப்பு நெடுக முளை அடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை ராத்திரி அதில் கரண்ட் விடப் போகிறாராம். நாய்களை அன்றைக்குக் கட்டிப்போடுவாராம்.

"மனுசன் மிதிச்சிட்டா இன்னா பண்ணுவ?" என்று அம்மா சோறு போடும்போது கேட்டாள்.

"நடு ராத்திரில அந்த வரப்புல எந்த மனுசன் வரப் போறான்? ரெண்டு மூணு வாரந்தான். கடல தேறிச்சின்னா கய்ட்டிடுறேன்" என்றார் அப்பா.

நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன் அண்ணா.

அப்பாவிடமே சொல்லிவிடலாம் என்று நீ நினைப்பாய். நானும் இரண்டு தரம் கட்டில் வரைக்கும் போய்வந்தேன். சொன்னால் அவர் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டு உன்னைப் பிடிப்பார், பழையபடி சண்டை வரும், நீ ஒரேயடியாகப் போய்விடுவாய் என்று வாய் வரவில்லை. வெளியே யாரிடமும் சொல்லவும் பயம். கம்பியில் கரண்ட் விடுவது குற்றம், பிடித்துக்கொண்டு போவார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். உன் புது நம்பர் எனக்குத் தெரியாது. என்கூடப் படிக்கிற ஷாரோனின் அண்ணன் ஜோஷ்வா உன் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறாராம். நாளைக்குக் காலையில் ஷாரோனிடம் இதைக் கொடுப்பேன். கிடைத்ததும் கிடைத்தது என்று அவர் மூலமாகச் சொல்லி அனுப்பு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதில் வராவிட்டால் நானே அப்பாவிடம் சொல்லிவிடுவேன். அடி விழுந்தாலும் பரவாயில்லை.

அம்மா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அதற்கு வரப்பில் கால் வைக்காதே.

உன் தங்கை,
ஜெயா


ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

மறுபடியும் ஜெயாதான். அதே அறை, அதே பூ. இப்போது இரண்டு இதழ்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷாரோன் வரவில்லை. அவளுக்குக் காய்ச்சலாம். பதில் வந்ததா, இல்லையா, கடிதமே உன் கைக்கு வந்ததா என்று ஒன்றும் தெரியாமல் நான் மாட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தது. கடிதத்தில் சொன்னபடி அப்பாவிடம் போய் நின்றேன். "இன்னாம்மா?" என்றார். "பேனா வாங்கணும்" என்றேன். பத்து ரூபாய் கொடுத்தார். இவ்வளவுதான் என் வீரம். டைசனுக்குத் தங்கை என்று என்னைச் சொல்லலாம்.

அவர் மோட்டார் கொட்டகைக்குப் போய்க் கரண்டைப் போட்டுவிட்டு வந்தார். டைசனை அந்தக் கொட்டகையிலேயே கட்டினார். வெள்ளச்சியை வாசலில் கட்டினார். நான் படுத்துக்கொண்டு கண்ணை மூடாமல் இருந்தேன். எல்லாரும் தூங்கியதும் நானே போய் ஃபியூசைப் பிடுங்கிவிடலாம் என்று திட்டம். ஆனால் அப்பா தூங்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்காருவார், படுப்பார், தண்ணீர் குடிப்பார். நான் காத்திருந்தேன், அவரும் எதற்கோ காத்திருந்தார்.

ஒரு மணி இருக்கும். வெள்ளச்சி இரண்டு தரம் குரைத்தாள். பிறகு அந்த இழுவை.

நான் எழுவதற்குள் அப்பா வாசலைத் தாண்டிவிட்டார் அண்ணா. "ஐயோ, கலை!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் கேட்டேன். செருப்பு இல்லை, டார்ச் இல்லை. நம் அப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை. பஸ் போனாலும் "அடுத்த பஸ் வரும்" என்று நடந்து போகிறவர் அவர். நானும் பின்னால் ஓடினேன். மோட்டார் கொட்டகையில் டைசன் முதன்முதலாகத் தன் கடமையைச் செய்தான். இருட்டில் ஓடி வருகிறவர் யார் என்று தெரியாமல் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். அப்பா வேட்டியை அவனிடமே விட்டுவிட்டு டவுசரோடு உள்ளே போய் ஃபியூசைப் பிடுங்கினார். பிடுங்கிய கையோடு வரப்புப் பக்கம் ஓடினார்.

"கலே! எங்கடா கீற? நின்ன எடத்துலயே நில்லுடா! கால வக்காதடா!"

வரப்பு முழுவதும் கத்திக்கொண்டே போனார். பதில் இல்லை. கையால் தரையைத் தடவிப் பார்த்தார். நான் டார்ச் எடுத்து வந்து வரப்பின் இரண்டு பக்கமும் அடித்துக் காட்டினேன். யாரும் இல்லை. அப்போதுதான் தார் ரோட்டுப் பக்கம் ஒரு வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மதகு ஓரமாக வண்டித் தடம் வந்து, நின்று, திரும்பியிருந்தது. என் கடிதம் கிடைத்துத்தான் நீ ரோட்டோடு நின்றாய், கடலை எப்படி இருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனாய் என்று புரிந்தது. நீ ஹெல்மெட் போட்டிருப்பாய், அப்பா கத்தியது உன் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம். அவர் எப்படிக் கத்தினார் என்று உனக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

அன்று ராத்திரி அப்பா அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "எத்தினி நாளா வரான்?" என்று கேட்டார். ஐந்து வாரம் என்றேன். அடிப்பார் என்று நினைத்துத் தள்ளி நின்றுதான் சொன்னேன்.

காலில் குத்தியிருந்த முள்ளைத் தடவிப் பிடுங்கினார். பிறகு சொன்னார்: "நடுவுல ஒரு நா தூக்கத்துல காதுல வியுந்துச்சி பாப்பா. நரி வந்துகீது, அதுக்குத்தான் இழுக்குதுன்னு திரும்பிப் படுத்துக்கினேன். இன்னிக்கிக் கரண்ட உட்டுட்டு எவனுக்குத் தூக்கம் வரும்? முழிச்சிகினு கேட்டேன். அப்பத்தான் தெரிஞ்சிது." அப்புறம் ரொம்ப மெதுவாக, "நானுந்தான் தப்பா கேட்டுகினு இருந்துருக்கேன்" என்றார்.

இதை அவர் சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் கம்பியையெல்லாம் அவிழ்த்துவிட்டார். அம்மா அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கொல்லைப்புறம் கட்டித் துணி காயப் போட்டுவிட்டாள். முதலில் காய்ந்தது டைசன் கிழித்த வேட்டி. அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டைசன் வாலை ஆட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறான்.

இப்போது அப்பா தகர டின்னும் தடியுமாகக் கொல்லையிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறார். வெள்ளச்சி கூடப் படுக்கிறாள். நேற்று இரண்டு பன்றி வந்ததாம். வடக்கு மூலையில் விரட்டினால் தெற்கு மூலையில் வருகிறதாம். "ஒத்த ஆளா முடியாது" என்று காலையில் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, பல் விளக்கிக்கொண்டே வேப்ப மரத்திடம் சொன்னார்.

கடலை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கி எண்ணினேன், இருபத்தேழு காய். பங்குனி நடுவில் பிடுங்கலாம். எனக்கு அப்போது பரீட்சை, அதனால் ஆள் குறையும்.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அப்பா. தகர டின்னை எடுக்க வந்தார். நான் பூவைத் தூக்கிக் கடிதத்தின் மேல் வைத்தேன். அவர் பூவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "இருட்டுல எழுதி கண்ண கெடுத்துக்காத, நடு வூட்ல லைட்டுல ஒக்காந்து எழுது" என்றார். வாசற்படி வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "அவனுக்குக் கால் ரெண்டும் நல்லா கீதான்னு கேட்டு எழுது" என்றார். டின்னை எடுக்காமலேயே போய்விட்டார்.

இப்போது நடு வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பார், எழுத்து நேராக வருகிறது.

அவர் கேட்டதை எழுதிவிட்டேன். அதற்கு நீ கடிதத்தில் பதில் எழுதாதே அண்ணா. வருகிற ஞாயிற்றுக்கிழமை, பகலில், முன் வாசல் வழியாக வா. அப்பா ஒன்றும் பேசமாட்டார், உனக்குத் தெரியும். நீயும் பேச வேண்டாம். வந்து அவர் எதிரில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்.

உன் தங்கை,
ஜெயப்பிரியா