ஒரே பெட்டியில் அத்தனை கருப்பசாமிகள்

இன்று உன் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்பேஸ் பட்டனுக்கு அடியில் ஏலக்காய்த் தோல் ஒன்று இன்னும் மாட்டிக் கிடக்கிறது. மணக்கிறதோ, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ. அலுப்பாக இருக்கிறதடி. நீ போய்ச் சேர்ந்த பிறகு போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர்கள் அத்தனை பேருடைய போனையும் நான் ஒருத்தியே எடுக்கிறேன்.

நம் முதல் புரோகிராம் நினைவிருக்கிறதா? ஏலக்காய் கொண்டுவரும் விவசாயியின் பேரைத் தட்டினால் அவர் விவரம் வர வேண்டும், அவ்வளவுதான். பேர்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துவைக்கும் ஹேஷ் டேபிளைப் பிடித்துக்கொண்டோம். பேரைச் சொன்னால் நேராக அதன் பெட்டிக்கே போய்விடலாம். இணையத்தில் கிடைத்த வெளிநாட்டுப் பேர்களைப் போட்டுச் சோதித்தோம். பறந்தது. உத்தமபாளையத்தில் பஸ் ஏறிப் பெருமையாக முதல் கடைக்குப் போனோம்.

கடையில் முதல் மூட்டை இறங்கியதுமே அந்தப் பழைய கம்ப்யூட்டர் திணறிவிட்டது. நம் பக்கம் குலசாமி பேரைத்தானே பிள்ளைக்கு வைக்கிறார்கள்! அத்தனை கருப்பசாமிகளும் ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்துக் கிடக்க, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தது நம் புரோகிராம். "ஏத்தா, நான் வாசல்ல நின்னு ஒரு சத்தம் கொடுத்தா இதவிட வெரசா வந்துருவாகளே" என்றார் கணக்குப்பிள்ளை.

எனக்கு அழுகை வந்தது, உனக்குச் சிரிப்பு. "விடுடி. அளந்தது தப்பில்ல, யார வச்சு அளந்தோம்ங்கிறதுதான் தப்பு" என்றாய். அங்கனயே உட்கார்ந்து ஊர், தகப்பன் பேர், சொந்தப் பேர் என்று எல்லோரையும் வரிசையாக அடுக்கி, பாதி பாதியாகக் கழித்துத் தேடும்படி மாற்றினாய். சோதனைக்குக் குச்சனூர், கடமலைக்குண்டு என்று நம் ஊர் ஆட்களையே போட்டாய். ஆள் கிடைத்தால் திரையில் "இருக்காக" என்று வரும். கடைசியாகத் தேடும் பேர் உன்னுடையது.

இப்போது ஆள் பெருகிவிட்டது. நடுவில் ஒரு புதுப் பேர் வந்தால், பஸ் சீட்டில் இடம் விடுவதுபோல, பின்னால் உள்ள அத்தனை பேரும் ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. கடைக்காரர்கள் திட்டுகிறார்கள். மரம்போலக் கிளைவிட்டு அடுக்கும் வேறொரு முறையை எப்போதோ எழுதிவிட்டேன். மாற்றத்தான் மனசு வரவில்லை. உன் கையால் எழுதியதில் மிச்சம் அந்தப் பழைய முறையும் அதன் சோதனையும்தான். ஆனால் "நாமளே எழுதுனதுன்னு பாசம் வைக்காதடி, அளந்து பாரு" என்று என் உயிரை வாங்கியவளும் நீதானே. காலையில் இரண்டையும் உன் லேப்டாப்பிலேயே ஓட்டினேன். தேடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. புதுப் பேர் சேர்ப்பதில் நீ தோற்றுவிட்டாய். நன்றாகவே தோற்றுவிட்டாய். உன்மேல் கோபம்கூட வந்தது.

உன்னுடையதை எடுத்துவிட்டேன்.

சோதனையை மட்டும் தொடவில்லை. புது முறையும் ஊர் ஊராகத் தேடிவிட்டுக் கடைசியில் உன் பேருக்கு வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் திரையில் "இருக்காக" என்றது.

தேவையே இல்லை, இருந்தாலும் இன்னொரு தடவை ஓட்டினேன்.