வலது கண்ணில் ஒரு நூல்

ஜூன் 10, 2024
பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். பஸ்ஸை எடுத்தபோது வலது கண்ணில் ஒரு கறுப்பு நூல் மிதந்தது. கண்ணாடியில் ஒட்டிய முடி என்று வைப்பரைப் போட்டேன். போகவில்லை. தண்ணீரில் மை கரைவதுபோல் அழகாகத்தான் இருந்தது. பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் வரை பிள்ளைகளின் சத்தத்தோடு அதுவும் கூடவே வந்தது.

ஜூன் 13
சுகுமாரி விடவில்லை. "பதினாலு வருஷமா சுகர் உள்ள ஆளாக்கும். பொண்டாட்டி சொன்னா கேக்கணும்" என்று காரக்கோணம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் கசிகின்றனவாம். இமையில் சிறு காகிதம் செருகி ஆராய்ச்சிக்குக் கண்ணீர் எடுத்தார்கள். அழாமலே கொடுத்தேன்.

ஜூன் 20
வலது கண்ணீரில் அழற்சிப் பொருட்கள் மிகக் கூடுதல். அவை கூடியவர்களுக்கு நோயும் முற்றியிருப்பதாகத் தங்கள் ஆராய்ச்சியில் தெரிகிறது என்றார் டாக்டர். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. சுகுமாரி அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். அவளிடம் ஊசியை மட்டும் சொன்னேன்.

ஜூன் 21
ஓட்டினேன். வழி எனக்கு மனப்பாடம். கண்ணை மூடினாலும் வளைவு தெரியும். இதை எழுதிவிட்டு எனக்கே பயமாக இருக்கிறது.

ஜூன் 24
மழை. உலகமே பாலில் கரைத்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. புது வீடு கட்டும் இடத்தருகே யூனிஃபார்மில் ஒரு பிள்ளை நின்றது. நிறுத்திக் கதவைத் திறந்தேன். "கேறு மக்களே, மழையில நனையாத." அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

ஏழாம் வகுப்பு பின்சி சிரித்தாள். "மாமா, அது நோக்குகுத்தியாக்கும்."

வீட்டுக்குக் கண் படாமலிருக்க வைக்கோல் திணித்து நிறுத்திய பொம்மை. யாரோ பழைய யூனிஃபார்மை மாட்டியிருக்கிறார்கள். நான் தமாஷ் செய்ததாக நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இல்லாத பிள்ளையைப் பார்த்தேன். இருக்கிற பிள்ளையைப் பார்க்காமல் போனால்? முப்பத்திரண்டு பிள்ளைகள் - எலே சிவதாணு, நீ என்ன காரியம் செய்யுத?

ஜூன் 25
மேனேஜர் ஜெயதாஸின் மேசையில் சாவியை வைத்து எல்லாம் சொன்னேன்.
"தெரிஞ்சிட்டும் ஓட்டுனீரு, இல்லியா?"
"ஆமா சாரே."
அவர் சாவியை எடுத்து மேசை டிராயரில் போட்டார். திட்டியிருக்கலாம். வீட்டிலும் சொன்னேன். சுகுமாரி அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூலை 2
முதல் ஊசி. கண்ணுக்குள் ஒரு குமிழி மெல்ல உருண்டது. பயம்கூட வரவில்லை. வெட்கம்தான் போகவில்லை.

ஆகஸ்ட் 30
மூன்றாவது ஊசி. இடது கண் தப்பியது. வலது கண் இதற்குமேல் தெளியாதாம். வண்டி இனி இல்லை.

திரும்பும்போது, இப்போது என் பஸ்ஸை ஓட்டும் வினீத் நிறுத்தினான். "அண்ணன் நடக்காண்டாம், வீட்டுல விடுதேன்." பிள்ளைகள் ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகத் தரையை அழுத்தியது. வினீத் சரியாகத்தான் ஓட்டினான்.

வாழைத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குளம். முழுக்க ஆம்பல் பூத்துக் கிடந்தது. பத்தொன்பது வருஷம் இந்த வழியில் ஓட்டியிருக்கிறேன். இன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.