இடது பட்டனில் ஒட்டிய டேப்

மார்ச் 2, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பொன்னேரியில் ரயில் ஏறியவள் கும்மிடிப்பூண்டி வரை நின்றுகொண்டே. கம்பெனி வாசலில் பேனர். என் படம். 'எங்கள் ஹீரோ.' அடையாள அட்டைக்கு எடுத்த படம், திருடி மாதிரி முழிக்கிறேன். பொருத்தம்தான்.

வெள்ளிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். ஏழுமலை அண்ணன் பிரஸ் மெஷினில் தகடைச் சரிசெய்யும்போது மெஷின் இறங்கிவிட்டது. நான் பாய்ந்து, மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்தேன். அவர் கை தப்பியது. நடுவிரல் நுனி மட்டும் நசுங்கியது. நான் பாய்வது கேமராவில் இருக்கிறது.

கேமராவில் இல்லாதது: அதற்கு ஒரு மணி நேரம் முன்பு நடந்தது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. டார்கெட் முடியவில்லை என்று, ஒரு கையாலேயே வேகமாக ஓட்டுவதற்காக, இடது பட்டனை அழுத்தி வைத்து டேப் சுற்றியது லைன் லீடர் கலா. நான்தான். எல்லா லைனிலும் செய்கிறார்கள். இதைப் பத்துத் தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

சேஃப்டி ஆபீசரின் விபத்து ரிப்போர்ட் வந்துவிட்டது. 'தொழிலாளியின் கவனக்குறைவு. தானே டேப் ஒட்டியுள்ளார்.' ஏழுமலை அண்ணன் காண்ட்ராக்ட் ஆள். பதினோரு வருஷ வேலை. இனி வர வேண்டாமாம். வியாழன் பாதுகாப்பு விழா, எனக்குச் சால்வை.

செய்ய வேண்டியவை:
பச்சைப் புடவைக்கு ஃபால்ஸ்.
கேஸ் புக்கிங்.
சேஃப்டி சாரிடம் சொல்ல.

முதல் இரண்டும் ஆயிற்று. மூன்றாவதற்கு அவர் அறை வரை போனேன். ஏசி ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். "இன்னா கலா?" என்றார். "ஒண்ணுமில்ல சார்." திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் இவர், எதிர்வீட்டுக்காரரிடம். "எங்க ஊட்டம்மா ஒரு ஆளு கையயே காப்பாத்திக்கீது, தெரியுமா?" உள்ளே கூப்பிட்டுத் திட்டினேன். "இன்னாத்துக்கு இப்டி எரிஞ்சி வுழற? பெருமையாத்தான பேசினேன்?" முகம் சுருங்கிவிட்டது, பாவம். இவரிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. வேலை போனால்? சின்னவள் பத்தாவது.

மார்ச் 4, புதன்

தலைவலி. மாத்திரை ஒன்று. ஷிஃப்ட் முடிந்து கவரைப்பேட்டையில் இறங்கி ஏழுமலை அண்ணன் வீட்டுக்கு. இடது கையில் பெரிய கட்டு. அவர் மனைவி டீ கொடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இரும்மா. நீ இல்லாங்காட்டி இந்தக் கை போயிருக்கும்." டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

மனைவி உள்ளே போனதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"டேப்பு சமாச்சாரம் நான் வாயே தொறக்கல. தொறக்கவும் மாட்டேன். நீ பேஜாராவாத."

"ஏண்ணா?"

"நீ ஒட்ன, சரி. நான் வேணான்னு சொன்னேனா? உனுக்குப் படிக்கிற பசங்க கீறாங்க. எனுக்கு வேற எங்கனா கெடைக்கும்."

இந்தக் கையோடு எங்கே கிடைக்கும்? அவருக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது. மனுஷன் வேலையும் போய், வலியோடு உட்கார்ந்து எனக்குத் தைரியம் சொல்கிறார். பேனரில் போட வேண்டியது இவர் படத்தைத்தான்.

மார்ச் 5, வியாழன்

கும்மிடிப்பூண்டி பிளாட்பாரம். மணி நாலரை. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.

காலை எட்டு மணிக்குச் சேஃப்டி சாரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். "ரிப்போர்ட் மேல போய்ட்ச்சிமா. பேனர் கட்டியாச்சு. இப்ப போயி இன்னாத்துக்கு இதெல்லாம்? விழா முடியட்டும்."

பதினோரு மணி. சால்வை, ஷீல்டு. மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எல்லாருக்கும் நன்றி என்றேன். அப்புறம் சொல்லிவிட்டேன். "அந்த டேப்ப ஒட்னது நான். ஏழுமலை அண்ணன் இல்ல."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு குரல், "இன்னாடா சொல்லுது இந்தம்மா?" மேடையிலிருந்து இறங்கும்போது படி தெரியவில்லை.

மதியம் எச்.ஆர். அறை, ஒன்றரை மணி நேரம். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை வர வேண்டாமாம். ஏழுமலையைத் திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொல்லப்போகிறோம் என்றார்கள். அவ்வளவு பேர் கேட்ட பிறகு வேறு வழியில்லை அவர்களுக்கு.

இவருக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் ஏழுமலை அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். யாரோ ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள்.

"பைத்தியமா புட்ச்சிக்கீது உனுக்கு? நான்தான் சொன்னேன்ல, கம்முனு இருன்னு!"

கத்தி முடிக்கும் வரை கேட்டேன். "திங்கக்கெழம நீங்க வேலைக்குப் போலாம்ணா" என்றேன்.



"அப்ப நீ?" என்றார்.