துஷாவின் சனிக்கிழமை

சனி. மழை.

உலக மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: மூங்கில் கம்பில் காயப் போட்டிருந்த என் இடது காலுறை, செங்காங் அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் மாடியிலிருந்து நேற்றைய காற்றில் விழுந்து காலமானது. வலது காலுறை ஆறுதல் சொல்ல முடியாத நிலையில். மலர்வளையம் வேண்டாம்.

மாலை, காணொளியில் துஷாவுக்கு வகுப்பு. இளையர் மன்ற ஏற்பாடு. நான் கணக்கு, நண்பன் பிரகாஷ் ஆங்கிலம். துஷா இலங்கையிலிருந்து தப்பி வந்து கோலாலம்பூரில் இருக்கிறாள். அகதிப் பிள்ளைகளை அங்கே அரசுப் பள்ளியில் சேர்க்கமாட்டார்களாம். ஆக, அவளுடைய மொத்தப் பள்ளிக்கூடமும் நாங்கள் இரண்டு பேர். பாவம் அவள்.

பாடம்: பின்னம். பரோட்டாவை எட்டாகக் கிழித்துக் காட்டினேன்.

"அண்ணா, காட்டுற சாட்டில எல்லாத்தையும் சாப்பிட்டு முடிச்சிட்டீங்கள்."

"அதான் மா கழித்தல்."

சிரித்தாள். அவள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். உடனே விளக்கை அணைத்தாள். சத்தத்தையும். கறுப்புத் திரை. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

பிறகு: "பக்கத்து வீட்டு ஆக்கள்தான். பொலிஸ் இல்லை. அடுத்த கணக்கு?"

செவ்வாய். வெயில்.

மன்றத்தில் புது டி-சட்டை. நெஞ்சில் 'அகதிகளோடு தோள் சேர்ப்போம்'. எல்லாருக்கும் ஒரே சின்ன அளவு. எனக்குத் தோளே நுழையவில்லை. "முதல்ல என் கைக்கு அடைக்கலம் கொடுங்க லா!" பிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

செயலாளர் ரஷீதா அக்கா: "இந்த வாரத்தோட அகதிப் பிள்ளைங்க வகுப்பு ப்ராஜெக்ட் க்ளோஸ். ஸ்கூல்ல கேட்ட சேவை ஹவர்ஸ் உங்க எல்லாருக்கும் முடிஞ்சிருச்சு. அடுத்தது பீச் க்ளீனிங். ஏதாவது சொல்லணும்னா வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொல்லுங்க."

துஷாவுக்குக் குறுஞ்செய்தி: வகுப்பை நிறுத்தப் பார்க்கிறார்கள். பயப்படாதே. அண்ணன் பேசுகிறேன்.

வெள்ளி. புழுக்கம்.

ஃபேரர் பார்க், மன்ற அறை, கூட்டம். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: கை தூக்கினேன். எழுந்தேன். "நம்ம ஹவர்ஸ் முடிஞ்சா அந்தப் பிள்ளையோட படிப்பும் முடிஞ்சிடணுமா?" அறையே கப்சிப். ரஷீதா அக்கா கண் கலங்கினார். தலைவர் சுவரைப் பார்த்தார். முடிவு மட்டும் மாறவில்லை. போராடித் தோற்றவன் நான்.

சனி. மறுபடி மழை.

வகுப்பு இல்லை. ஆனால் வழக்கமான நேரத்துக்கு அழைப்பு. துஷா. தலை பின்னி, மடியில் கணக்குப் புத்தகம்.

"அண்ணா, கதைச்சீங்களோ? என்ன சொன்னவை?"

"கேட்டுப் பார்த்தேன் மா. ஒத்துக்கல."

புத்தகத்தை மூடினாள்.

"நீங்க கேட்டனீங்கள் தானே, அதுவே போதும். எங்களுக்காகவும் ஒருத்தர் கதைக்கிறார் எண்டு அப்பாட்ட சொன்னனான். அவருக்குச் சந்தோசம்."

சனிக்கிழமைகளில் நான் வீட்டில் சும்மாதான்; மன்றம் இல்லாமலே கணக்கு சொல்லித் தரலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை எழுதியது பொய். கை தூக்கியது மட்டும் நிஜம். கறி பஃப் தட்டு மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. "இங்க ஒண்ணு பாஸ் பண்ணுங்க." கூட்டத்தில் நான் பேசியது அவ்வளவுதான்.